எண்ணெய் படாத இடம்

அந்த வருடம் எனக்குப் பொழுது விடிந்ததெல்லாம் குளியலறையில்தான். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வாடகை வீட்டின் குளியலறை சின்னது. மேலே ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அதில் முதலில் சாம்பல் நிறம் வரும், பிறகு பால் நிறம், பிறகு எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டி மெல்ல உருவம் எடுக்கும். கீசர் உறுமும். ஜீவனஹள்ளிப் பக்கம் ஒரு ரயில் நீளமாகக் கூவிவிட்டுப் போகும். நான் நீல பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, நைட்டியைச் சுருட்டித் துணி கிளிப் போட்டு நிறுத்திவிட்டு, என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சொந்த வயிற்றை இவ்வளவு நேரம் பார்ப்பேன் என்று ஐம்பத்திரண்டு வயதுவரை நான் நினைத்ததில்லை. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவள் நான். தெருவிலுள்ள பெண்கள் எல்லோருடைய வயிற்றையும் டேப் வைத்து அளந்திருக்கிறேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஒல்லியாகக் காட்டுகிறவர்களை முதுகில் ஒரு தட்டு தட்டி, "மூச்ச வுடும்மா, அப்பறம் ஹூக்கு தெறிச்சா என்னத்தான் திட்டுவ" என்பேன். எனக்கு வாய் அதிகம். நோயிலும் அது குறையவில்லை என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னார்கள்.

பெருங்குடலில் கட்டி இருந்தது. பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் முனையைத் தொப்புளுக்கு வலப்பக்கமாக வெளியே கொண்டுவந்து, மடித்து, வயிற்றுத் தோலோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஸ்டோமா என்று அதற்குப் பெயர். இனி மலம் அந்த வழியாகத்தான் வரும். அடக்கவும் முடியாது, அழைக்கவும் முடியாது. அதனால் அதன் மேல் எப்போதும் ஒரு பை ஒட்டியிருக்க வேண்டும். இது நிரந்தரம் என்று டாக்டர் சொன்னபோது, "அப்ப எனக்குக் காஜா எடுத்துட்டீங்க" என்றேன். பட்டன் துளைக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். டாக்டருக்குப் புரியவில்லை. என் கணவர் மட்டும் சிரித்தார். சிரித்தபடியே வெளியே போனவர் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

முதல் சில நாட்கள் நான் அதைப் பார்க்கவே மறுத்தேன். பார்த்தபோது பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. உதட்டின் உட்புறம் இருக்குமே, அந்த நிறம், அந்த ஈரம். தொட்டால் வலிக்காது, தொட்டதே தெரியாது. ஆனால் அது தானாக அசையும். சுருங்கும், நீளும், கொஞ்சம் ஓய்ந்து நிற்கும், மறுபடி சுருங்கும். மருந்தும் தூக்கமும் கலந்த அந்த விடியல்களில், அது விழித்திருக்கிறதா, நான் விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். என்னைக் கேட்காமல் எனக்குள்ளே ஐம்பத்திரண்டு வருடம் வேலை செய்துகொண்டிருந்த ஒன்று, யாருக்காக இத்தனை பாடு என்று எட்டிப் பார்க்க வந்திருந்தது. என் கணவர் அதை விருந்தாளி என்பார். காலையில் செருப்பைக் கழற்றும்போதே, "விருந்தாளி எழுந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்.

அவர் கம்பெனி கேப் ஓட்டுகிறார். ராத்திரி ஷிப்ட் முடித்த பிள்ளைகளை எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஏற்றி, வீடுவீடாக இறக்கிவிட்டு, ஆறு மணி வாக்கில் வீடு சேருவார். அவர் வந்த பிறகுதான் பை மாற்றுவேன். காலையில் வெறும் வயிறாக இருந்தால் விருந்தாளி கொஞ்சம் சும்மா இருக்கும். தேநீர் குடித்துவிட்டால் அது பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடும். அதனால் அவர் வரும்வரை தேநீரும் கிடையாது. அவருக்காகக் காத்திருந்த நேரங்கள் எனக்குத் தெளிவாக ஞாபகமில்லை. வெளிச்சமும் கீசர் சத்தமும் மட்டும் ஞாபகம் இருக்கின்றன.

பை மாற்றும் வேலையைக் கற்றுக்கொடுத்தது ஆஸ்பத்திரியின் ஸ்டோமா சிஸ்டர். கன்னடக்காரர், என் வயதுதான் இருக்கும். பையோடு சேர்ந்து பிளேட் என்று மெல்லிய ஒட்டுத் தகடு ஒன்று வரும். தோலில் ஒட்டுவது அந்த பிளேட்தான். அதைப் பிய்க்கக் கூடாது. ஒரு கையால் பிளேட்டின் மேல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தோலை மெல்ல அழுத்தி விலக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு மெல்லிய துணி, அவ்வளவுதான். சோப்பு வேண்டாம், டெட்டால் வேண்டவே வேண்டாம். தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். துடைக்கும்போது சில சமயம் துணியில் ஒரு பொட்டு ரத்தம் தெரியும், அதற்குப் பதற வேண்டாம். நன்றாகக் காயும்வரை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் என் கணவரின் பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவில் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து அடுக்கி வைத்திருந்தேன். அந்த அடுக்கைப் பார்த்தாலே மனதுக்கு நிம்மதியாக இருக்கும்.

"இந்தப் பக்கத்துத் தோலும் அந்தப் பக்கத்துத் தோலும் ஒரே மாதிரி இருக்கணும்மா" என்று சிஸ்டர் என் வயிற்றின் இடப்பக்கத்தைக் காட்டிச் சொல்லுவார். "செகப்பு வந்தா ஏதோ தப்பு. தோலு பொய் சொல்லாது."

ஆஸ்பத்திரியில் ஒரு பிளேட் நான்கு நாள் தாங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு அது மூன்றாயிற்று, இரண்டாயிற்று, ஒரு கட்டத்தில் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. பிளேட்டின் ஓரம் தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியில் கசிவு இறங்கும். சிறுகுடலிலிருந்து வருவது தண்ணீராகத்தான் வரும்; சாப்பாட்டைக் கரைக்கிற அதே நீர் தோலையும் கரைக்கப் பார்க்கும். பச்சை மிளகாய் அரிந்த கை எரியுமே, அந்த எரிச்சல் வயிற்றில், நாள் முழுக்க. மெஷினில் உட்கார்ந்தால் பெடலை மிதிக்கும்போதெல்லாம் எரியும். நான் வாடிக்கைக்காரிகளிடம் எரிந்து விழுந்தேன். ஒருத்தியிடம், உனக்கு பிளவுஸ் தைப்பதைவிடத் தலையணைக்கு உறை தைப்பது சுலபம் என்றே சொல்லிவிட்டேன். பாவம், அவள் இன்னமும் என்னிடம்தான் தைக்கிறாள்.

முதல் முறை சிஸ்டரிடம் போனபோது தப்பு என் கத்தரிக்கோலில் இருந்தது. பிளேட்டின் நடுவே ஸ்டோமாவின் அளவுக்குத் துளை வெட்ட வேண்டும். நான் அளவு எடுத்தேன், சரியாகத்தான் எடுத்தேன். ஆனால் வெட்டும்போது கை தானாகத் தையலுக்கு விட்டு வெட்டியது. முப்பது வருடப் பழக்கம். அளவு முப்பத்தாறு என்றால் கத்தரி முப்பத்தெட்டுக்குத்தான் போகும். சிஸ்டர் துளையில் விரலைச் சுற்றிவிட்டுச் சிரித்தார்.

"நோடிம்மா, இங்க பாருங்க, இது லூஸ் ஜாக்கெட். உங்க வீட்டுக்காரர் சொல்ற விருந்தாளிக்கு டைட்டாத்தான் தைக்கணும். சுத்தி ஒரு நூல் அளவு போதும்."

என் மானம் போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அளவு அட்டையை வைத்துப் பார்த்து, வளைந்த சின்னக் கத்தரியால், ஒரு நூல் மட்டும் விட்டு வெட்டினேன். ஸ்டோமா வாரத்துக்கு வாரம் கொஞ்சம் சுருங்கிக்கொண்டிருந்தது. நானும் கூடவே அளவைக் குறைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் வெட்டியதில்லை. அப்படியும் கசிந்தது.

நான் இவ்வளவு தவித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. குருத்தோலை ஞாயிறு வந்துகொண்டிருந்தது. எங்கள் சபையில் அன்று பாடகர் குழு முன்னால் நடக்க, சபையார் எல்லோரும் கையில் ஓலையோடு, பாடிக்கொண்டே தெருத்தெருவாகப் போவோம். பெண்களில் தாழ்ந்த குரலான ஆல்ட்டோவில் இருபத்தாறு வருடம் நான் முதல் வரிசையில் நடந்திருக்கிறேன். குழுவின் அங்கிகளெல்லாம் நான் தைத்தவை. எட்டரை மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். ஒன்றரை மணி நேர நடை. குழுத் தலைவர் வீட்டுக்கு வந்து, மிகவும் பரிவாக, "நீங்க சிரமப்படாதீங்கம்மா. கோயில்லயே உக்காந்திருங்க, நாங்க திரும்பி வந்ததும் சேர்ந்து பாடுங்க" என்றார்.

"உக்காந்து பாட நான் என்ன ஆர்மோனியமா?" என்று கேட்டேன்.

அவர் போன பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு அந்த நடை வேண்டும். பாட்டுக்காக மட்டும் இல்லை. வெள்ளை அங்கியில் நடுத்தெருவில் கசிந்துவிடுமோ என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டால், பிறகு வாழ்நாள் முழுக்க வீட்டிலேயே இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன்.

என் கணவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவருடைய அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். ஒவ்வொரு ஷிப்டுக்கும் கிளம்புமுன் என் மாமியார், ஜெபம் செய்து வைத்த எண்ணெயை ஒரு துளி எடுத்து மாமனாரின் நெற்றியில் தடவுவாராம். மாமனார் ஒவ்வொரு நாளும் பத்திரமாக மேலே ஏறி வந்தார். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு எண்ணெய் வைத்தால் ஆள் திரும்பி வரும் என்பதில் சந்தேகமே கிடையாது. என்னை ஆபரேஷனுக்கு அழைத்துப் போன அன்றும் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்திலேயே ஓடிவந்து நெற்றியில் வைத்தார். நானும் திரும்பி வந்தேன். நான் வளர்ந்த வீட்டில் இந்த வழக்கம் இல்லை. முதலில் கிண்டல் செய்ததுண்டு. அதன் பிறகு செய்யவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அது தொடர்ந்தது. தங்கவயல் ஜெபக்குழுவிலிருந்து மாதம் ஒருமுறை அவரே ரயிலில் போய் வாங்கி வருவார். சின்னக் குப்பி, சந்தனம் கலந்த வாசனை. பை மாற்றும் காலைகளில் அவர் வந்து, கால் முகம் கழுவி, குளியலறை வாசலில் முட்டிபோட்டு, ஒரு துளியை விரலில் எடுப்பார். முதலில் நெற்றியில் மட்டும் வைத்தார். பிறகு வயிற்றின் தையல் தழும்பில். தோல் சிவக்கத் தொடங்கியதும் ஸ்டோமாவைச் சுற்றி, மிக மிக மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. புண் கூடக் கூட எண்ணெயும் கூடியது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் என்னைத் தொடவே பயந்தார். படுக்கையில் நடுவில் ஒரு தலையணை போட்டுக்கொண்டார், என் மேல் கை பட்டுவிடக் கூடாதென்று. நாள் முழுக்க அவருடைய கை என் மேல் படுகிற ஒரே நேரம் அந்த எண்ணெய் நேரம்தான். ஜன்னலில் பால் நிறம் வந்துகொண்டிருக்கும். அவருடைய விரல் வட்டம் போடும். உதடு அசையும், சத்தம் வராது. எனக்குக் கண் சொக்கும். எரிச்சல்கூடத் தூரத்தில் வேறு யாருக்கோ நடப்பது மாதிரி இருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் விடிவதற்கு முன்பே எழுந்து ஸ்டூலில் போய் உட்கார்ந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இரண்டாம் முறை சிஸ்டரிடம் போனேன். தனியாக, ஆட்டோவில், மடியில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு. அவர் துளையைப் பார்த்தார். அளவு கச்சிதம் என்றார். தோலைப் பார்த்தார், முகம் மாறியது.

"எண்ணெ, கிரீம், லோஷன் ஏதாச்சும் போடறீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"பேபி ஆயில்? தேங்கா எண்ணெ?"

"எதுவுமே இல்ல."

நான் பொய் சொல்லவில்லை. சத்தியமாக எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே தோன்றவில்லை. அவர் கழற்றிய பிளேட்டின் ஒட்டும் பக்கத்தில் விரலைத் தேய்த்தார். பிறகு அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இருபது வருடமாக இந்த வேலை செய்கிற மூக்கு அது.

"சந்தனம் வாசனை வருதே. இது ஏனு, என்னது?"

"அதுவா? அது ஜெப எண்ணெய்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "நான் எண்ணெதானேம்மா கேட்டேன்?"

"நீங்க எண்ணெய் கேட்டீங்க. இது எங்க வூட்டுக்காரர் பண்ற ஜெபம்."

சொல்லும்போதே எனக்குக் காது சூடாயிற்று. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருத்தர் விபூதி பூசுவார், ஒருத்தர் கோயில் மஞ்சள் குழைத்து வைப்பார், ஒரு தாத்தா தர்காவிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டு மேலே பிளேட் ஒட்டுவார் என்றார். கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்களாம். "பொய் இல்லம்மா. அது அவங்களுக்கு லிஸ்ட்லயே வராது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நெத்தியில வைங்க, தலையில வைங்க. இங்க மட்டும் பேடா, வேண்டாம். எண்ணெ இருக்கற தோல்ல எதுவும் ஒட்டாது. ஒட்டலன்னா கசியும். கசிஞ்சா புண்ணு."

புண்ணின் ஈரத்துக்கு மட்டும் ஒரு பவுடர் கொடுத்தார். லேசாகத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். பிளேட்டை ஒட்டுமுன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடாக்க வேண்டும், ஒட்டிய பின்னும் ஒரு நிமிடம் கையை வைத்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், சூட்டில்தான் அது பிடிக்கும் என்று மறுபடி சொன்னார். நான் தலையாட்டினேன். ஆட்டோவில் திரும்பும்போது மேம்பாலத்தின் மேல் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் வாய் கொடுக்கிற எனக்கு, இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சொல்லவில்லை. கோழை வேலைதான் செய்தேன். மறுநாள் அவர் வருமுன்பே பையை மாற்றி முடித்துவிட்டேன். அவர் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு குளியலறை வாசலுக்கு வந்து நின்றார்.

"முடிஞ்சிச்சா?"

"தூக்கம் வரல. அதான் சீக்கிரமே முடிச்சிட்டேன்."

"செரி" என்று குப்பியைத் திரும்ப அலமாரியில் வைத்தார். அந்த பிளேட் இரண்டு நாள் தாங்கியது. அடுத்ததையும் அப்படியே அவர் வருமுன் மாற்றினேன். அது மூன்று நாள் தாங்கியது. சிவப்பு ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வந்தது, துணியில் சாயம் வெளுக்கிற மாதிரி. எரிச்சல் குறைந்தது. ஆனால் அந்தக் காலைகள் வெறுமையாக இருந்தன. நான் துடைத்தேன், காய வைத்தேன், வெட்டினேன், ஒட்டினேன், எழுந்தேன். ஜன்னலைப் பார்க்கவே இல்லை.

மூன்றாம் முறை அவர் சீக்கிரமே வந்துவிட்டார். வழியில் எங்கும் தேநீர்கூடக் குடிக்காமல் வந்திருப்பார் போல. நான் பிளேட்டைக் கையில் வைத்திருந்தேன். அவர் வாசலில் குப்பியோடு நின்றார், முட்டிபோடவில்லை.

"இன்னாம்மா, நான் வர்றதுக்கு முன்னாடியே முடிக்கிற. நான் தொடறது உனுக்குப் பிடிக்கலையா?"

இதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. கோபமாக வந்ததால்தான் சொல்ல முடிந்தது. "பிடிக்காம இல்லங்க! அந்த எண்ணெய்தான்! அதனாலதான் ஒட்ட மாட்டேங்குது, அதனாலதான் கசியுது, அதனாலதான் இத்தன நாளா எரியுது! சிஸ்டர் சொன்னாங்க! போதுமா?"

குளியலறையில் சத்தம் மோதித் திரும்பியது. அவர் குப்பியைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார்.

"அப்ப உன்ன எரிய வச்சது நான்தானா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். ஆமாம் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அவர் குப்பியைச் சட்டை நுனியால் துடைத்து, பீரோவுக்கு மேலே, கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்று மாலை வேலைக்குக் கிளம்பும்போது விருந்தாளியைப் பற்றிக் கேட்கவில்லை. மறுநாள் காலையும் கேட்கவில்லை. வீட்டில் ஒரு வார்த்தை குறைந்துபோனது எனக்குப் பெரிய இரைச்சலாகக் கேட்டது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. மறுநாள் நடைக்காகப் புதிதாக ஒட்ட வேண்டும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, கழுவி, ஒற்றி, காய வைத்திருந்தேன். இடப்பக்கத்துத் தோலும் வலப்பக்கத்துத் தோலும் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் இருந்தன. துளையை ஒரு நூல் விட்டு வெட்டினேன். பிளேட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்தேன். சூடேறவே இல்லை. உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து என் கைகள் ஜில்லென்றுதான் இருக்கும். வெளியே கதவு திறந்தது. அவர் செருப்பைக் கழற்றினார், கால் கழுவினார், படுக்கையறைப் பக்கம் திரும்பினார்.

"இங்க வாங்க" என்றேன்.

வாசலில் வந்து நின்றார்.

"கையக் காட்டுங்க."

பள்ளிக்கூடப் பிள்ளை டீச்சரிடம் நகம் காட்டுவது போல இரண்டு கைகளையும் புரட்டிக் காட்டினார். நான் பிடித்து முகர்ந்து பார்த்தேன். வாசனை எதுவும் இல்லை. அந்தக் கைகளின் சூடு என் மூக்கில் பட்டது. ராத்திரி முழுக்க ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த கைகள். பிளேட்டை அவற்றுக்கு நடுவில் வைத்து மூடினேன். கொஞ்ச நேரத்தில் அது மெழுகு மாதிரி இளகியது. வாங்கி, ஸ்டோமாவின் மேல் பொருத்தினேன். பிறகு அவருடைய வலது கையை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

"ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கணுமாம். இங்க கடிகாரம் இல்ல. ஜெபம் பண்ணுங்க."

அவர் மெதுவாக முட்டிபோட்டார். எங்கே அழுத்தினால் எனக்கு வலிக்குமோ என்று பயந்து, பட்டும் படாமலும் வைத்திருந்தார். நான் என் குளிர்ந்த கையை அவருடைய கைமேல் வைத்து அழுத்தினேன். அவர் பரமண்டல ஜெபத்தைச் சத்தமாகவே சொன்னார். அது முழுசாக ஒரு நிமிடம்கூட வராது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "இன்னொரு வாட்டி" என்றேன்.

மறுநாள் நான் நடந்தேன். பையின் மேல் வெள்ளைக் காட்டன் உறை ஒன்று தைத்துப் போட்டிருந்தேன், வியர்வையில் தோலோடு ஒட்டாமல் இருக்க. கிளம்புமுன் பையைக் காலி செய்துகொண்டேன். எட்டரை மணி வெயிலில் தெரு முழுக்க ஓலையின் பச்சை வாசனை. ஆல்ட்டோவின் தாழ்ந்த சுரத்தைப் பிடிக்க அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்தபோது, இந்தா தூக்கிக்கொள்ளப் போகிறது, இந்தா கசியப் போகிறது என்று ஒவ்வொரு வரிக்கும் காத்திருந்தேன். இரண்டாவது தெருவில் அந்தப் பயம் மறந்துபோயிற்று. பேக்கரி வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பஸ் ஒன்று எங்களுக்காக இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. வீடுகள் மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருக்க, நான் நின்ற இடத்திலேயே நின்று பாடிக்கொண்டிருப்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தபோது, ஆண்கள் வரிசையின் கடைசியில் என் கணவர் ஒரு கையில் ஓலையும் இன்னொரு கையில் என் மாற்றுப்பையும் துணிகளும் போட்ட கூடையுமாக வந்துகொண்டிருந்தார். இரவு முழுக்கத் தூங்காத முகம். கூடையை அவர் திறக்க வேண்டியிருக்கவில்லை. கோயிலுக்குத் திரும்பியதும் கழிவறையில் அங்கியைத் தூக்கிப் பார்த்தேன். நான்கு ஓரமும் காய்ந்திருந்தது. சந்தோஷத்தில் யாராவது ஒருவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது.

அந்த பிளேட் நான்கு நாள் முழுசாகத் தாங்கியது. புதன்கிழமை காலை அவர் செருப்பைக் கழற்றும்போதே, "விருந்தாளி எழுந்தாச்சா?" என்று கேட்டார்.

எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி ஆறே முக்காலுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பழைய பையைச் செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தப் பொட்டலம் ஒரு நாள்கூட வீட்டுக்குள் தங்கக் கூடாது. வண்டியைத் தவறவிட்டால் அன்றைக்கு முழுக்க அவருக்குத்தான் அர்ச்சனை. அன்றும் பொட்டலம் கட்டித் தயாராக வாசலில் இருந்தது. நான் ஒற்றினேன், காய வைத்தேன், பொருத்தினேன். அவர் முட்டிபோட்டு, சூடான கையை வயிற்றின் மேல் வைத்து, கண்ணை மூடி, உதட்டை அசைத்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று.

"ஒட்டிடுச்சுங்க. ஆமென் சொல்லுங்க" என்றேன்.

குனிந்து பார்த்தேன். அவர் தூங்கிப்போயிருந்தார். தலை என் முழங்காலில் சாய்ந்திருந்தது. கை மட்டும் வைத்த இடத்தில் அப்படியே, இப்போது பயமில்லாமல், முழு எடையோடு இருந்தது. அதற்கு அடியில் விருந்தாளி மெல்ல அசைந்தது. ஜன்னலில் தண்ணீர்த் தொட்டி முழுசாக உருவம் எடுத்திருந்தது. குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது, எங்கள் வாசலில் நின்றது, இரண்டு முறை ஹாரன் அடித்தது, பிறகு அடுத்த தெருவுக்குப் போயிற்று. நான் அவரை எழுப்பவில்லை.